கடன்காரர்களுக்குப் போட்ட பந்தல்

கொரோனா வந்தபோது நான் சிம்மாசனத்தில் படுத்திருந்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே படுத்திருந்தேன். அரியலூரில் அப்போது எனக்குச் சாமியானா, சேர், சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை இருந்தது. ஊரடங்குக்கு முந்தின தை மாதத்தில்தான், கல்யாண மேடையில் பொண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற ராஜா ராணி சோபா ஒன்றைப் புதுசாக இறக்கியிருந்தேன். சிவப்பு வெல்வெட்டு, சுற்றிலும் தங்கக் கலர் பெயிண்ட், இரண்டு கைப்பிடியிலும் ஆளுக்கொரு சிங்கம். பக்கத்தில் போய்ப் பார்த்தால் சிங்கம் பட்டினி கிடந்த பூனை மாதிரி இருக்கும். "மேடையில வச்சுப் பாருங்க, கர்ஜிக்கும்" என்றார் விற்றவர்.

அது மேடைக்குப் போகவே இல்லை. கல்யாணத்துக்கு இத்தனை பேருக்கு மேல் கூடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஜனங்கள் வீட்டு ஹாலிலேயே தாலி கட்டிக்கொண்டார்கள். சொந்தக்காரர்கள் செல்போனுக்குள்ளிருந்து அட்சதை போட்டார்கள். என் சேர்களெல்லாம் கடைக்குள் கூரையைத் தொட்டுக்கொண்டு அடுக்கடுக்காக நிற்க, நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அந்த சோபாவில் கால் நீட்டிப் படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரியலூரிலேயே வெல்வெட்டில் படுத்துக்கொண்டு திவாலான ஆள் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

சோபாவோடு நிறுத்தியிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். அந்தத் தையில் எனக்கு ஒரு வேகம் வந்திருந்தது. புது ஜெனரேட்டர், இரும்பு மேஜை, மழைக்கு ஒழுகாத தகரப் பந்தல் எல்லாவற்றையும் கடனிலேயே வாங்கிப் போட்டேன். பெரிய கடன் எங்கள் ஊர் ஃபைனான்ஸ்காரர் ஒருவரிடம். அவர் அடமானம் கேட்டார். என்னிடம் அடமானம் வைக்கிற மாதிரி இருந்தது அந்தச் சிங்கங்கள் மட்டும்தான். அதனால் என் மனைவியின் தம்பி, உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த தன் முந்திரிக் கொல்லையின் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து எனக்கு ஜாமீன் போட்டான்.

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேச்சு என்றால் அவனுக்கு அப்படி ஒரு ஆசை. எங்கள் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தும்போதே பேச ஆரம்பித்து, ஹெல்மெட்டைக் கழற்றும்போது பாதிக் கதையை முடித்திருப்பான். ஹெல்மெட்டுக்குள் சொன்ன பாதி யாருக்கும் கேட்டிருக்காது. மாசி, பங்குனியில் வந்தால் முந்திரிப்பழம் ஒரு பை கொண்டு வருவான். எனக்கு அது தொண்டையைக் கரகரவென்று பிடிக்கும். "மாமா, ஒரு துளி உப்பு போட்டுத் தின்னுங்க, ஒண்ணும் பண்ணாது" என்பான். உப்பு போட்டாலும் பிடிக்கும். இருந்தாலும் தின்பேன். அவன் பத்திரத்தைக் கொடுத்தபோது சொன்னது இவ்வளவுதான்: "அக்காவுக்குத் தெரிய வேணாம் மாமா, அது சும்மா பயப்படும்."

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டோம்.

இரண்டாவது வருஷமும் கல்யாணங்கள் செல்போனிலேயே நடந்தபோது, எனக்கு ஐ.பி.யைத் தவிர வேறு வழி தெரியவில்லை. எங்கள் பக்கம் ஒருத்தன் நொடித்துப் போய்க் கோர்ட்டில் திவால் மனு போட்டால் "ஐ.பி. குடுத்துட்டான்" என்பார்கள். கடன் கொடுத்தவர்களுக்கெல்லாம் நோட்டீஸ் போகும். அதற்கு மஞ்சக் கடுதாசி என்று பெயர். நிஜத்தில் அது வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கையில் வாங்கியவர்களின் முகம் மஞ்சளாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மனு போட வக்கீல் வேண்டும். சிவில், கிரிமினல், ஜீவனாம்சம், வாய்க்கால் தகராறு எல்லாம் சேர்த்துப் பார்க்கிற வக்கீல்கள் ஊருக்கு ஊர் உண்டு. திவால் கேஸிலேயே பழம் தின்று கொட்டை போட்ட ஆளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அப்படிப்பட்டவரைப் பற்றி யாரிடம் விசாரிப்பது? விசாரித்தாலே அன்று சாயங்காலத்துக்குள் கடன்காரர்கள் எல்லாரும் கடை வாசலில் வந்து, என் சேர்களையே எடுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

அதனால் மிகவும் தந்திரமாக, தேரடிக்குப் பக்கத்து டீக்கடையில் போய்ப் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"நம்ம ஃப்ரெண்டு ஒருத்தருக்குண்ணே. பாவம், ஐ.பி. விஷயம். நல்ல வக்கீலு யாராச்சும் இருக்காங்களா?"

டீக்கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஃப்ரெண்டு என்ன தொழிலு?"

"அவரா... அவரு இந்த... சவுண்டு சர்வீஸ்."

"ஓ. சாமியானா இல்லயா?"

"இல்லண்ணே, சவுண்டு சர்வீஸ்."

"சரி சரி. அந்த ஃப்ரெண்டுகிட்ட சொல்லுங்க, டீ பாக்கியை மட்டும் ஐ.பி.யில சேத்துடாம பாத்துக்கச் சொல்லுங்க."

அங்கே ஓரமாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், பேப்பரை இறக்காமலே, "பெரம்பலூர்ல ஒரு வக்கீலம்மா இருக்காங்க. ஐ.பி.ன்னா அவங்கதான். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பாத்திரக்கடை மாடி" என்றார். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. பேப்பரைக் கடைசி வரைக்கும் இறக்கவில்லை. அவருக்கும் ஒரு ஃப்ரெண்டு இருந்திருப்பாரோ என்னமோ.

இதற்கு முன்பே உள்ளூரில் ஒரு வக்கீலைப் பார்த்திருந்தேன். சின்ன வயது, பெரிய மேஜை. நான் வாயைத் திறப்பதற்குள், "எல்லாத்தையும் வூட்டுக்காரம்மா பேருக்குப் பழைய தேதியில மாத்திடலாம் சார், ஒருத்தனும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். எனக்கே அது சரிப்பட்டு வரும் என்று தோன்றவில்லை. ஏற்கெனவே கடன்காரனாக இருக்கிற நான் கம்பி எண்ணவும் தயாராக இல்லை.

ஆகவே பெரம்பலூர் பஸ் ஏறினேன். அந்தப் பஸ்ஸை இப்போது நினைத்தாலும் எனக்கு ஒரு இதுவாக இருக்கும். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து, ஜன்னல் கம்பியெல்லாம் வெள்ளை மாவு படிந்து, இறங்கும்போது தலைமுடி நரைத்துத்தான் இறங்குவோம். முகத்தில் மாஸ்க் போட்டிருந்ததால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்று தைரியமாக உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "என்னண்ணே, பெரம்பலூர்ல பந்தலா?" என்றார்.

வக்கீலம்மாவின் ஆபீஸ் மாடிப்படி ஏறியதும் நான் பார்த்தது சேர்களை. தொழில் புத்தி, எங்கே போனாலும் சேரைத் திருப்பி அடியில் யார் கடைப் பெயிண்ட் அடையாளம் இருக்கிறது என்று பார்ப்பேன். கல்யாண வீட்டில் மொய் வைப்பதற்கு முன்னால் சேரைத் திருப்பிவிட்டுப் பெண் வீட்டாரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் இந்த ஆபீஸில் ஒரு சேர்கூட இன்னொரு சேர் மாதிரி இல்லை. சலூனில் இருக்கிற சுழலும் நாற்காலி ஒன்று. மூடின சினிமா தியேட்டரின் மடக்கு சீட் மூன்று, ஒரே கம்பியில் ஒட்டிக்கொண்டு. சட்டப் புத்தகங்கள் ஒரு ஸ்வீட் ஸ்டாலின் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்தன. லட்டு இருந்த இடத்தில் சிவில் நடைமுறை. எல்லாம் நொடித்துப்போன கட்சிக்காரர்கள், வைக்க இடமில்லாமல் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனவை. நான் சலூன் நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரோ வந்து கழுத்தில் துணி கட்டுவார்கள் போலவே இருந்தது.

வக்கீலம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். இந்த வேலையில் இத்தனை வருஷம் இருந்ததால், ஆள் உட்காருகிற தினுசிலேயே எவ்வளவு மறைக்கிறான் என்று அவருக்குத் தெரிந்துவிடும் என்று பிற்பாடு சொன்னார்.

"வூட்டுக்காரம்மாவுக்குத் தெரியுமாண்ணே?"

"சொல்லணும்ங்க மேடம்."

"அப்ப தெரியாது. அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க. வூட்டுக்காரம்மா வராம நான் வக்காலத்துல கையெழுத்து வாங்கறதில்ல."

"அது எதுக்குங்க மேடம்? கடன் வாங்கினது நாந்தானே?"

"நீங்க கோர்ட்டுல என்ன சொல்வீங்களோ எனக்குத் தெரியாது. ஆனா உண்மை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். அது வூட்டுல இருக்கும்" என்றார். "நாளன்னைக்குக் கோர்ட்டுக்கே வந்துடுங்க. எனக்கு அங்க ஒரு கேஸ் இருக்கு."

மனைவியிடம் நான் சொன்னது பொய் என்று யாரும் சொல்ல முடியாது. "பெரம்பலூர்ல ஒரு மேடம் பெரிய விஷயமா பேசணும்ங்கறாங்க, நீயும் வா" என்றேன். ரொம்ப நாள் கழித்துப் பந்தல் ஆர்டர் வருகிறது என்று நினைத்தாளோ என்னமோ, மயில்கழுத்துக் கலர் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கோர்ட் வளாகத்தில் புங்கமரத்தடி சிமெண்டு பெஞ்சில் வக்கீலம்மாவுக்காகக் காத்திருந்தோம். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கறுப்பு கோட்டுகள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வக்கீலம்மா வந்து விஷயத்தைத் தொடங்கினார். "அம்மா, ஒங்க வூட்டுக்காரரு ஐ.பி. போடணும்னு..."

"தெரியும்ங்க" என்றாள் என் மனைவி. "இவரு டீக்கடையில ஃப்ரெண்டுக்குன்னு விசாரிச்ச அன்னிக்கே ஊரு பூரா தெரிஞ்சிபோச்சு. அந்த ஃப்ரெண்டு யாருன்னு எப்பத்தான் சொல்லுவாருன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

நான் புங்கமரத்தை அண்ணாந்து பார்த்தேன். நல்ல மரம்.

வக்கீலம்மா சிரித்துவிட்டு அடுத்ததைக் கேட்டார். "பெரிய கடனுக்கு யாரு ஜாமீன்?"

மனைவியைப் பார்க்காமல், மைத்துனனைப் பற்றியும் கொல்லைப் பத்திரத்தைப் பற்றியும் சொன்னேன். வக்கீலம்மாவின் சிரிப்பு நின்றது.

"அண்ணே, இதை நீங்க மொத நாளே சொல்லியிருக்கணும். மனு போட்டா ஒங்க கழுத்துலேருந்து கைய எடுப்பாங்க. ஜாமீன் போட்டவரு கழுத்துலேருந்து எடுக்க மாட்டாங்க. நேரா கொல்லைக்குத்தான் போவாங்க. நீங்க மஞ்சக் கடுதாசி குடுத்துட்டு நிம்மதியா ஒக்காந்திருப்பீங்க, ஒங்க மச்சினன் கொல்லை ஏலத்துக்கு வரும்."

கோர்ட்டில் அவர் கேஸைக் கூப்பிட்டார்கள். "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க, வந்துடறேன்" என்று போய்விட்டார்.

நாங்கள் எங்கே பேசினோம்? என் மனைவி எழுந்து போய் பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். நடுவில் அவளுடைய துணிப்பை. நான் இந்தக் கோடி. அந்தக் கொல்லைதான் என் மைத்துனனுக்கு இருந்த ஒரே சொத்து. அவர்கள் அப்பா விட்டுவிட்டுப் போனது. அவள் சின்னப் பிள்ளையில் கொட்டை பொறுக்கிய கொல்லை. புடவைத் தலைப்பால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் போகலாமா என்று யோசித்தேன். பை நடுவில் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் ஊர்க்காரர் ஒருவர், ஏதோ வரப்புத் தகராறுக்காக வாய்தாவுக்கு வந்தவர், எங்களைக் கடந்து போனார். நின்றார். இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார், நடுவில் இருந்த பையைப் பார்த்தார். செருப்புச் சத்தம் கேட்காமல் நகர்ந்துவிட்டார்.

சாயங்காலம் நாங்கள் அரியலூர் வந்து வீட்டுத் தெருவில் திரும்பினால், வாசலில் ஒரு டாடா ஏஸ் நிற்கிறது. அதிலிருந்து என் மைத்துனன், அவர்கள் பெரியம்மா, இன்னும் வேட்டியை மடித்துக் கட்டிய நாலைந்து பேர் இறங்குகிறார்கள்.

"மாமா! எங்க அக்கா ஒங்களுக்கு என்ன கொறை வச்சுது?" என்றான் அவன். தெருவே திரும்பிப் பார்த்தது. "கோர்ட்டு வரைக்கும் போறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்ல?"

"சொல்லலாம்னுதான் மாப்ள இருந்தேன்..."

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டு, இப்ப டைவர்ஸு கேக்குதா ஒங்களுக்கு?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. என் மனைவிக்குப் புரிந்துவிட்டது. அவள் அந்தப் பட்டுப் புடவையோடு வாசல்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்துப் பெரியம்மாவுக்கு இன்னும் பயம் வந்துவிட்டது. "அய்யோ, பொண்ணுக்குப் புத்தி பெரண்டுபோச்சே!"

"டைவர்ஸு இல்ல பெரியம்மா. இவரு திவாலாயிட்டாரு. ஐ.பி. வக்கீலப் பாக்கப் போனோம்."

"ஐ.பி.யா?" என்றாள் பெரியம்மா. மார்பில் கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டாள். "அட, கடன்தானாடா! இதுக்கா என் ஈரக்கொலைய நடுங்க வச்சீங்க? போ, போயி காப்பி போடு."

மடித்துக் கட்டின வேட்டிகள் எல்லாம் இறங்கின. என் மைத்துனன் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "மாமா, நான் என்னென்னமோ நெனச்சிட்டேன் மாமா." என் தோளைத் தட்டினான். மனுஷன் திவாலானதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட சொந்தக்காரர்களை நான் கண்டதே இல்லை. எல்லாருமாக உள்ளே வந்து காப்பி குடித்தோம். அவன் வழியில் டாடா ஏஸ் பஞ்சரான கதையைச் சொல்ல ஆரம்பித்தான்.

அப்போதுதான் என் மனைவி, காப்பித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "தம்பி, ஒன் கொல்லைப் பத்திரம் எங்க இருக்குன்னு யோசிச்சியா?" என்றாள்.

அவன் பஞ்சர் கதையைப் பாதியில் நிறுத்தினான். அவன் பாதியில் நிறுத்தி நான் பார்த்த முதல் கதை அது. டம்ளரைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எழுந்து போய் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பெரியம்மாவையும் மற்றவர்களையும் எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். அரை மணி கழித்துத் திரும்ப வந்து, கீழே இறங்காமல் ஹாரன் மட்டும் அடித்து, அவர்களை ஏற்றிக்கொண்டு போனான்.

அதோடு அவன் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். சண்டை எல்லாம் இல்லை. அக்காவுக்கு போன் செய்வான். நான் எடுத்தால் மூச்சு மட்டும் கேட்கும். நான் "இந்தா, ஒன் தம்பி" என்று கொடுப்பேன். பங்குனியில் பழம் வரவில்லை. கரகரக்காத தொண்டையோடு ஒரு வருஷத்தைக் கழிப்பது அவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது.

கோர்ட்டுக்குப் போய் வந்த அடுத்த வாரமே நானும் என் மனைவியும் பாத்திரக்கடை மாடிக்குப் போயிருந்தோம். பேசினது அவள்தான். "எங்களுக்கு ஐ.பி. வேணாம்ங்க. கொல்லை நிக்கணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

"அந்த ஒரு கடனை மட்டும் மொதல்ல அடைச்சுட்டு அப்பறமா மனு போட்டா?" என்று நான் என் மூளையைக் காட்டினேன்.

"மத்தவங்க சும்மா இருப்பாங்களா? கோர்ட்டு கேக்கும்ணே. ஒருத்தருக்கு மட்டும் பொங்கல், மத்தவங்களுக்கு நாமமான்னு கேக்கும்." கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். "எல்லாக் கடன்காரங்களையும் ஒரே எடத்துல கூட்டுங்க. நான் வந்து பேசறேன். தனித்தனியா பேசினா ஆளுக்கு ஒண்ணு சொல்வீங்க, எனக்குத் தெரியும்." பிறகுதான் வக்காலத்தை நகர்த்தினார். நான் கையெழுத்துப் போட்டேன். ஃபீஸ் என்ன என்று கேட்டதற்கு, "மொதல்ல அவங்களுக்கு மிச்சம் வைங்க" என்றார்.

ஒரே இடத்தில் கூட்டவேண்டும் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் பக்கத்துக் காலி மனையில் பந்தல் போட்டேன். நல்ல சாமியானாவாகப் பார்த்து எடுத்துக் கட்டினேன். சேர்களைத் துடைத்து வரிசையாகப் போட்டேன். கேசரி, வடை, காப்பி. கடன்காரர்கள் வெயிலில் நிற்பது எனக்கு மனசு கேட்கவில்லை. கட்டி முடித்து விலகி நின்று பார்த்தால் பந்தல் மொட்டையாக இருந்தது. கை பழக்கம், என்னை அறியாமல் வாசலில் இரண்டு வாழைமரத்தைக் கட்டி மாவிலைத் தோரணமும் போட்டுவிட்டேன். என் மனைவி வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அவிழ்ப்பதற்குள் ஆள் வர ஆரம்பித்துவிட்டது.

மைத்துனனும் வந்திருந்தான். ஜாமீன்காரர் இருக்க வேண்டும் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். வந்தவன் சும்மா நிற்க முடியாமல், பந்தலையும் வாழைமரத்தையும் பார்த்த பழக்கத்தில், வாசலில் நின்று வந்தவர்களைக் கை கூப்பி "வாங்க, வாங்க" என்று உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தான். தன் கொல்லையை எடுத்துக்கொள்ள வந்த ஃபைனான்ஸ்காரரையும் அப்படித்தான் வரவேற்றான்.

வக்கீலம்மா முன்னால் ஒரு மேஜை போட்டு, பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். சேர், பாத்திரம், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் விற்று அவரவர் கடனுக்குத் தக்கபடி பிரித்துக்கொள்வது, மீதிக்குத் தவணை. எல்லாரும் ஃபைனான்ஸ்காரர் முகத்தையே பார்த்தார்கள். அவர் கேசரியைத் தொடவில்லை. "எனக்குப் பத்திரம் கையில இருக்கும்மா. நான் எதுக்குத் தவணைக்கு நிக்கணும்?" என்றார்.

"எடுங்க. கேஸு போட்டு ஏலத்துக்குக் கொண்டாங்க, வருஷம் எத்தனை ஆகும்னு ஒங்களுக்கே தெரியும். அந்த ஊர்ல அந்தக் குடும்பத்துக் கொல்லையை ஏலம் எடுக்க வெளியாளு எவன் வருவான்? அதுவும் தெரியும். நீங்க கொல்லையைத் தொட்ட மறுநாள் இவருக்கு நான் மனு போட்டுருவேன். இங்க இருக்கற எல்லாரும் ஒங்களோட சேந்து கோர்ட்டு வாசல்ல நிப்பாங்க."

அவர் அசையவில்லை. நான் என் சேர்களை எண்ண ஆரம்பித்தேன்; பயம் வந்தால் எனக்கு அப்படி.

அப்போது தெருவோடு போன ஒரு பெரியவர், வேட்டி சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, சம்சாரத்தோடு பந்தலுக்குள் நுழைந்தார். அடுத்த தெருக்காரர், முன்பு அவர் வீட்டுக் காதுகுத்துக்கு நான் பந்தல் போட்டிருக்கிறேன். நேராக மேஜைக்கு வந்தார். "பத்திரிக்கை வரலேன்னாலும் பந்தலப் பாத்துட்டுச் சும்மா போக முடியுமா? எழுதிக்கம்மா" என்று வக்கீலம்மா கையில் நூற்றி ஒரு ரூபாயை வைத்தார். ஊரும் பேரும் சொன்னார்.

வக்கீலம்மா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, இது நீங்க திருப்பிச் செய்ய வேண்டிய மொய்யில்ல? இவரையும் கடன்காரங்க வரிசையில சேத்துக்கவா?" என்றார்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பந்தலே சிரித்தது. பெரியவர் ஒன்றும் புரியாமல் அவரும் சிரித்தார். ஃபைனான்ஸ்காரர் குனிந்து தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசலில் வாழைமரத்துக்குப் பக்கத்தில் சிரிக்காமல் நின்றிருந்த என் மைத்துனனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேசரித் தட்டைக் கையில் எடுத்தார்.

"தவணை தவறிச்சின்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்றார். "பத்திரம் கடைசி ரூபா வர வரைக்கும் என்கிட்டதான் இருக்கும்."

"இருக்கட்டும்" என்றார் வக்கீலம்மா. பெரியவருக்குக் கேசரி வைக்கச் சொன்னார்.

என் சேர்களையெல்லாம் ஜெயங்கொண்டத்துக் கடைக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். என்னையும் சேர்த்து வாங்கிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்; அவர் கடையில் பந்தல் மேஸ்திரியாகச் சேர்ந்தேன். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் கங்கைகொண்ட சோழபுரம், கல்லங்குறிச்சி என்று போய், என் பழைய சேர்களை நானே இறக்கி நானே போட்டேன். சம்பளம் வந்த அன்றே என் மனைவி தவணையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ரசீதுகளைப் பெரம்பலூருக்குக் கொண்டுபோகிற சாக்கில் மாதம் ஒரு தடவை அந்த வெள்ளை மாவுப் பஸ்ஸில் ஏறுவேன். சலூன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். ராஜா ராணி சோபாவை மட்டும் ஒருத்தரும் வாங்க முன்வரவில்லை. வக்கீலம்மாவின் ஃபீஸுக்காக அதை நாங்கள் நாலு பேர் சேர்ந்து பாத்திரக்கடை மாடிக்கு ஏற்றினோம். படியில் திரும்பும்போது ஒரு சிங்கத்தின் மூக்கு உடைந்தது.

கடைசித் தவணையும் கட்டி முடித்துப் பத்திரம் திரும்பி வந்த அன்றைக்கு ஃபைனான்ஸ்காரர் அதை வக்கீலம்மா ஆபீஸிலேயே கொண்டுவந்து கொடுத்தார். என் மைத்துனனை வரச் சொல்லியிருந்தார்கள். அன்று ஆபீஸில் நல்ல கூட்டம். சலூன் நாற்காலி, தியேட்டர் சீட்டு எல்லாம் நிறைந்து, வக்கீலம்மா எங்கள் இரண்டு பேரையும் சோபாவில் உட்காரச் சொன்னார். அவன் ராணி பக்கம் உட்கார்ந்தான். நான் ராஜா பக்கம். அவன் பத்திரத்தை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்து, மடித்து, சட்டைக்குள் வைத்துப் பட்டனைப் போட்டான். சுவரைப் பார்த்தான். நானும் சுவரைப் பார்த்தேன். அதில் நீதிமன்ற விடுமுறைக் காலண்டர் தொங்கியது.

வக்கீலம்மா செல்போனைத் தூக்கி, "கல்யாண ஜோடி கொஞ்சம் சிரிங்க" என்றார். காத்திருந்த கட்சிக்காரர்கள் சிரித்தார்கள்.

அவன் என் பக்கம் திரும்பினான்.

"தள்ளி ஒக்காருங்க மாமா" என்றான். "மூக்கொடஞ்ச சிங்கம் குத்துது."

நான் தள்ளி உட்கார்ந்தேன். அதற்குள் அவன் வழியில் பஸ் பஞ்சரான கதையை ஆரம்பித்துவிட்டான்.